எளிமை என்னும் தனித்தொகுதி

ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவில் தெருவெல்லாம் ஜனம். புற்றுமண் பொட்டலம், பிச்சிப்பூ, பலூன், பிரியாணி வாசனை. கூட்டத்தில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால், தம்பி மகள் நோட்டோடு காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு.

"பெரியப்பா, சுதந்திர தினத்துக்குப் பேச்சுப் போட்டி. 'எளிமையின் சிகரம் கக்கன்'. மூணு நிமிசம் பேசணும். நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

எழுத உட்கார்ந்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்' என்று முதல் வரி தானாக வந்தது. 'அரசு மருத்துவமனையில் தரையில் படுத்துக் கிடந்தார்' என்று இரண்டாவது வரி. அதோடு பேனா நின்றுவிட்டது. இந்த இரண்டு வரியையும் நான் ஏற்கெனவே ஒருமுறை பேசியிருக்கிறேன். 1982இல், எட்டாம் வகுப்பில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1981 டிசம்பர் 23இல்தான் கக்கன் காலமாகியிருந்தார். வாத்தியார் எழுதிக் கொடுத்தார், நான் மனப்பாடம் செய்தேன். முதல் பரிசு. எவர்சில்வர் தட்டு.

தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரிசல் காட்டு வழியாக எங்கள் தெருவுக்கு ஓடியது நினைவிருக்கிறது. அய்யாவுக்கு ஒரே சந்தோசம். நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா பூக்காட்டு வேலை முடிந்து வந்தவள், "என்னத்தல பேசுன, எங்கிட்ட ஒருக்க சொல்லு" என்றாள். ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். முடியும்வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏலே, சொந்த வீடு இல்ல, மாத்து வேட்டி இல்ல, தரையில படுத்தாரு, பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தாரு. இதெல்லாம் ஒங்கய்யாவுக்கும்தான் இருக்கு. அவருக்கு எவனாச்சும் தட்டு குடுத்தானா?"

அன்றைக்குச் சிரித்தேன். அவள் செய்தது ஒரு வாசிப்பு, ஒரு விமர்சனம் என்பது விளங்க எனக்கு முப்பது வருசத்துக்கு மேல் ஆனது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொல்லப் பார்க்கும் பதில்.

1

ஓய்வுபெற்ற, தோற்றுப்போன, இறந்துபோன மந்திரிகளைப் பற்றி எழுதுவது தமிழில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. நினைவு மலர், மணிவிழா மலர், பாடப்புத்தகப் பாடம், மேடைப் பேச்சு, சுவரொட்டி என்று பல உருவங்களில் அது வருகிறது. அந்த வகைக்குள் தலித் அமைச்சருக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் எளிமை.

கக்கனைப் பற்றிப் புழங்கும் கதைகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். மூன்று காட்சிகள்தான் திரும்பத் திரும்ப வரும். பதவி போனபின் பேருந்துக்காக நிற்கும் காட்சி ஒன்று. வாடகை வீட்டுக் காட்சி ஒன்று. மதுரை அரசு மருத்துவமனையில் வேறொருவரைப் பார்க்கப் போன எம்.ஜி.ஆர். தற்செயலாக இவரைக் கண்டு பதறிப்போய் உதவி செய்த காட்சி ஒன்று. மூன்றிலும் கக்கன் என்ன செய்கிறார்? நிற்கிறார், இருக்கிறார், படுத்துக் கிடக்கிறார். மூன்றிலும் அவரை வேறொருவர் பார்க்கிறார், பார்த்துக் கலங்குகிறார், பெருந்தன்மையோடு நடந்துகொள்கிறார். கதையின் வினைச்சொற்கள் எல்லாம் பார்ப்பவருக்குச் சொந்தம். கக்கனுக்கு மிஞ்சுவது கிடப்பது மட்டும். அவர் வாயைத் திறந்து பேசும் காட்சி ஒன்றுகூட இந்தப் பிரதியில் கிடையாது. பேசினாலும் 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்றுதான் பேசுவார்.

காமராஜரையும்தான் எளிமை என்று புகழ்கிறார்கள் என்று சொல்லலாம். உண்மை. ஆனால் காமராஜர் என்றதும் பள்ளிக்கூடம் வருகிறது, மதிய உணவு வருகிறது, அணைகள் வருகின்றன, அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் பதவி வருகிறது, கடைசியில் நாலு கதர் வேட்டியும் வருகிறது. காமராஜர் கதையில் எளிமை ஊறுகாய். கக்கன் கதையில் அதுவே சோறு.

ஏன் இப்படி? சாதி இந்து மனம் தலித்தை எங்கே வைத்துப் பார்த்துப் பழகியிருக்கிறதோ, அந்த இடத்திலேயே மந்திரியானபின்னும் அவரைப் பார்க்கும்போது அதற்கு நிம்மதியாக இருக்கிறது. பத்தாண்டு மேலே போனவர் பத்திரமாகத் தரைக்குத் திரும்பிவிட்டார். இந்தத் திரும்பலைத்தான் மேடை போட்டுக் கொண்டாடுகிறார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. தனித்தொகுதியில் ஜெயித்த ஒருவர் ஒரு கார் வாங்கி, மாடி வைத்து வீடு கட்டினால் டீக்கடையில் என்ன பேச்சு? "இவனுகளுக்கு வந்த வாழ்வப் பாத்தியா?" அதே ஊரில் மற்ற சாதி மந்திரிக்கு மில்லும் காலேஜும் இருந்தால் அதற்குப் பெயர் வசதி. நம்மவர் ஏழையாகச் செத்தால் தியாகி, நல்லா இருந்தால் திருடன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுசனாக இருந்து, ஒரு துறையை நடத்தி, சரியும் தப்பும் செய்து, அதற்காக மதிக்கப்படவும் ஏசப்படவும் உரிய இடம் இந்த இலக்கியத்தில் இல்லை.

இதைச் சொன்னபோது அய்யா கோபித்துக்கொண்டார். "ஏண்டா, அந்த மனுசன் திருடல. ஒரு பைசா தொடல. அதச் சொல்லவும் கூடாதா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நேர்மை சின்ன விஷயமில்லை. பதவியை வைத்துச் சேர்த்தவர்கள் பெருத்துக் கிடக்கும் நாட்டில் சேர்க்காமல் போனவரை நினைப்பது தேவைதான். ஆனால் நேர்மை வேறு, இல்லாமை வேறு. நேர்மை அவர் செய்தது. இல்லாமை அவருக்குச் செய்யப்பட்டது. பத்தாண்டு மந்திரியை மருந்துக்கு வழியில்லாமல் விட்டது யார் என்ற கேள்வியை 'எளிமை' என்ற சொல் வெள்ளையடித்து மூடிவிடுகிறது. அவருடைய கட்சி எங்கே போயிருந்தது? அவர் யாருக்காகச் சிறைக்குப் போனாரோ அவர்கள் எங்கே போயிருந்தார்கள்?

2

சரி, இந்தப் பிரதி விட்டுவிட்ட கக்கன் யார்?

1908இல் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோவிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அந்த நாளை வைத்தியநாத அய்யரின் ஆலயப் பிரவேசம் என்றுதான் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. அழைத்துப் போனவர் பெயரில் போராட்டம், நுழைந்தவர்கள் பெயர் பட்டியலில் கடைசி வரி. அய்யர் காட்டிய துணிவை நான் குறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஏதாவது நடந்திருந்தால் அடி யார் முதுகில் விழுந்திருக்கும், எந்தச் சேரிக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

1942 போராட்டத்தில் சிறை. பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராக இருந்த அதே சபையில் மேலூர்க்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார் என்பதை எத்தனை பேச்சுப் போட்டியில் சொன்னார்கள்? 1952இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1957இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது துறை அவர் கையில். பிறகு விவசாயம். 1963இல் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை. 1964இல் லஞ்ச ஒழிப்புத் துறை உண்டானது அவர் காலத்தில். அணை, விவசாயம், போலீஸ். இந்த மூன்றும் ஊர் எப்போதும் தன் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிற அதிகாரங்கள். தண்ணீரும் நிலமும் லத்தியும் அவை. அவற்றின் கோப்பில் ஒரு தலித் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதுவல்லவா செய்தி?

கோப்பைத் திறந்தால் சங்கடமான பக்கங்களும் வரும். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தபோது உள்துறை அமைச்சர் கக்கன். அவர் எவ்வளவு முடிவெடுத்தார், எவ்வளவு முதல்வர் முடிவெடுத்தார் என்று கேட்கவேண்டும். 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டபோது கக்கன் அமைச்சரவையில் இருந்தார், உள்துறை பக்தவத்சலத்திடம் இருந்தது. கொல்லப்பட்டவரும் காங்கிரஸ்காரர், தன் சொந்த மக்களின் தலைவர். அந்த நாள்களில் கக்கன் என்ன நினைத்தார், உள்ளே என்ன பேசினார்? அரிஜன சேவை என்ற காந்திய வழியில் வளர்ந்தவருக்கு அம்பேத்கர் வழியோடு என்ன வழக்கு, என்ன உறவு? இவையெல்லாம் ஒரு அரசியல்வாதியிடம் கேட்கவேண்டிய கேள்விகள். சிகரத்திடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. எளிமையின் சிகரம் என்று தூக்கி வைத்தவர்கள் அவரை விமர்சனத்திலிருந்தும் விலக்கி வைத்துவிட்டார்கள். இதுவும் ஒரு தீண்டாமைதான்.

இதோடு சத்தியவாணி முத்துவை வைத்துப் பாருங்கள். அண்ணா அமைச்சரவையிலும் கருணாநிதி அமைச்சரவையிலும் இருந்தவர். 1974இல் தாழ்த்தப்பட்டோருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தி.மு.க.வை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார். அது நிலைக்கவில்லை, 1977இல் அ.தி.மு.க.வோடு கலந்துவிட்டது. 1979இல் மத்திய அமைச்சரானார். அவருடைய முடிவுகளில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் பதவியில் இருந்துகொண்டே வாய் திறந்தவர், வாசலைத் தாண்டி வெளியே வந்தவர். நான் அறிந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் பெயரில் போட்டி வைத்ததில்லை. பேசிய மந்திரிக்குப் பேச்சுப் போட்டி கிடையாது.

3

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். சங்கரன்கோவில் தனித்தொகுதி. அரியும் சிவனும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாய் நிற்கும் சங்கரநாராயணர் ஊர். இரண்டு சாமி ஒரு உடம்பில் இருக்கலாம். ஊரும் சேரியும் ஒரு தெருவில் இருக்க முடியவில்லை. அந்த ஊரில் சட்டமன்ற நாற்காலி மட்டும் எங்களுடையது.

1996 தேர்தலை ஊரில் இன்னமும் பேசுவார்கள். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்ற தேர்தல். மாநிலம் முழுக்க அ.தி.மு.க. ஜெயித்தது நாலே இடம். அதில் ஒன்று சங்கரன்கோவில். சொற்ப வாக்கில் சி. கருப்பசாமி தப்பிப் பிழைத்தார். பிறகு 2001, 2006, 2011 என்று தொடர்ந்து நாலு முறை. கட்சி மூழ்கிய அன்றைக்கும் மிதந்த மனிதர். 2011இல் அவருக்குக் கிடைத்தது கால்நடைத் துறை.

கால்நடைத் துறையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. அந்த வருசம் செப்டம்பரில் விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் தொடங்கியது, எங்கள் தெருவுக்கே ஆடு வந்தது. ஆனால் இந்த ஊரின் நினைவு எனக்கு இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கு என்று நம் பாட்டன்மாருக்கு ஆள் அனுப்பிய ஊர் இது. "மாட்டு மந்திரி" என்று டீக்கடையில் ஒருவன் சொல்லிச் சிரித்தபோது அந்தச் சிரிப்பு எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

2011 அக்டோபர் 22இல் கருப்பசாமி நோயில் இறந்தார். 2012 மார்ச் 18இல் இடைத்தேர்தல். அந்த ஒரு மாதம் எங்கள் ஊர்தான் தலைநகரம். மந்திரிகள் தெருத்தெருவாகத் திரிந்தார்கள். ஒருநாளும் சேரிப் பக்கம் எட்டிப் பார்க்காத கார்கள் எங்கள் சாக்கடை ஓரத்தில் நின்றன. வெள்ளை வேட்டிகள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தன. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், மார்ச் 19, ஓட்டை எண்ணும் முன்பே, கூடங்குளம் அணு உலைக்கு அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது. 21ஆம் தேதி எண்ணி, ஆளுங்கட்சி வேட்பாளர் முத்துச்செல்வி அறுபதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தனித்தொகுதியின் வாக்கு எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை. இடிந்தகரைக்காரர்கள் பயந்தது எங்கள் ஓட்டுக்காகக் காத்திருந்தது. மோர் குடித்த வேட்டிகள் திரும்ப வரவில்லை.

2016இல் வி.எம். ராஜலட்சுமி ஜெயித்தார். முதல்முறை சட்டமன்றம், முதல்முறையே அமைச்சர். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை. ஜெயலலிதா, ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி என்று மூன்று முதல்வர்கள் மாறினார்கள். கட்சி உடைந்து ஒட்டியது. இவர் 2021 வரை அதே துறையில் இருந்தார். 2021இல் தி.மு.க.வின் ஈ. ராஜாவிடம் சில ஆயிரம் வாக்கில் தோற்று மாஜி ஆனார். கரிசல் பூமியிலிருந்து ஒரு தலித் பெண் ஐந்து வருசம் கோட்டையில் மந்திரியாக உட்கார்ந்தார் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என் அம்மா இருந்திருந்தால் டிவியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அதனாலேயே அந்த ஐந்து வருசத்தை அனுதாபத்தோடும் கறாராகவும் வாசிக்கவேண்டியிருக்கிறது.

4

அந்தத் துறை எப்படிப்பட்ட துறை?

பஞ்சமி நிலம் யாரிடம் இருக்கிறது? 1892இல் வெள்ளைக்காரன் கொடுத்த 12 லட்சம் ஏக்கர் எங்கே என்று கேட்டால் அந்தக் கோப்பு வருவாய்த் துறையில். வன்கொடுமை வழக்கு? காவல் துறையில், அதாவது முதல்வரிடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகள்படி மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் முதல்வர். ஆண்டுக்கு இரண்டு முறை அதைக் கூட்டவேண்டியவரும் அவரே. உள்கூறுத் திட்டப் பணம்? மாநில மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி நாம் 20 சதவீதம், ஆனால் பணம் பல துறைகளின் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. நலத்துறைக்கு மிஞ்சுவது விடுதி, பள்ளி, உதவித்தொகை, தாட்கோ கடன், மயானப் பாதை மனு. உயிர் போகும் இடத்தில் அதிகாரம் இல்லை. அரிசி வேகும் இடத்தில் மட்டும் உண்டு.

அந்த ஐந்து வருசத்தில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பைத் தந்தது. ஏப்ரல் 2இல் வட இந்தியா கொந்தளித்த பிறகு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 2019 டிசம்பர் 2இல் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து அருந்ததியர் 17 பேர் உறங்கியபடியே மண்ணுக்குள் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் உதவித்தொகைச் சுமையை மத்திய அரசு மாநிலத்தின் தலையில் தள்ளிவிட்டு, 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்று பங்கை மாற்றியது. தேவேந்திரகுல வேளாளர் பெயர் மாற்றத்தை முதல்வர் அறிவித்தார், 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்த நாலு இடத்திலும் பேசியவர்கள் முதல்வர்கள், பிரதமர்கள், நீதிபதிகள், தெருவில் இறங்கிய ஜனங்கள். நலத்துறை அமைச்சரின் குரலை நான் தேடினேன், என் காதுக்கு எட்டவில்லை. இது ஒரு பெண்ணின் குறை என்று முடித்துவிட்டால் நாமும் டீக்கடைக்காரர்களாகிவிடுவோம். அந்த நாற்காலியே பேசுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

எப்போது செய்த நாற்காலி அது? 1937இல் சென்னை மாகாணத்தின் முதல் தலித் அமைச்சராக வி.ஐ. முனுசாமிப் பிள்ளை ராஜாஜி அமைச்சரவையில் இருந்தார். அடுத்த வருசமே எம்.சி. ராஜா கோவில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு ஆதரிக்கவில்லை. மசோதா தோற்றது. உள்ளே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு வெளியே நிற்பவரைத் தோற்கடிப்பது அன்றைக்கே பழகிய வித்தை. அதற்கும் அடியில் கிடப்பது 1932இன் பூனா ஒப்பந்தம். தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர், ஆனால் ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. கட்சிச் சீட்டைக் கொடுப்பது மாவட்டம். மாவட்டம் யார் கையில் என்பது ஊருக்கே தெரியும். சேரிக்காகக் குரலை உயர்த்தினால் அடுத்த முறை சீட்டு இல்லை. 1952இல் பம்பாயிலும் 1954இல் பண்டாராவிலும் அம்பேத்கரையே தோற்கடித்த முறை இது. நம் மந்திரிகளின் மௌனம் சுபாவம் அல்ல. அது அவர்கள் கட்டிய டெபாசிட்.

விதிவிலக்கு உண்டு. 1954இல் காமராஜர் பி. பரமேஸ்வரனை அறநிலையத்துறை அமைச்சராக்கினார். எந்தக் கோவிலுக்குள் விடமாட்டேன் என்றார்களோ அந்தக் கோவிலின் கணக்கைக் கேட்கும் இடத்தில் ஒரு தலித் உட்கார்ந்தார். 2024 செப்டம்பரில் கோவி. செழியன் உயர்கல்வித் துறைக்கு அமைச்சரானபோது செய்தித்தாள்கள் அதைப் பெரிய சேதியாக எழுதின. இரண்டு சம்பவத்துக்கும் நடுவில் எழுபது வருசம். சேதியாகும் அளவுக்கு அது அபூர்வமாக இருக்கிறது என்பதுதான் அந்தச் சேதிக்குள் இருக்கும் சேதி.

5

2022 செப்டம்பர். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். பள்ளிச் சீருடையில் சின்னப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் தின்பண்டம் கேட்டு நிற்கிறார்கள். உங்களுக்கு இனிமேல் கொடுக்கமாட்டோம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறான் கடைக்காரன். அதைத் தானே படமும் எடுக்கிறார்கள். நாடே பார்த்தது. வழக்கு வந்தது, கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் எழுதியபடியே தூங்கிக்கொண்டிருந்த ஊர்விலக்குப் பிரிவை எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக்கூடாது என்று நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது. காலங்காலமாக நம்மைத் தள்ளி வைத்த ஊர்க் கட்டுப்பாட்டைச் சட்டம் ஒருமுறை திருப்பிப் போட்டது.

அந்தப் படத்தில் ஒரு பிள்ளை கேட்கிற விதம் என்னைத் தூங்கவிடவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று அதற்கு விளங்கவில்லை. நாலு முறை ஜெயித்தவரை, ஐந்து வருசம் நலத்துறையையே கையில் வைத்திருந்தவரைத் தந்த மண்ணில் ஒரு குழந்தையால் மிட்டாய் வாங்க முடியவில்லை. மந்திரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. மந்திரியின் வாழ்க்கையை எந்தத் தராசில் நிறுப்பது என்பதுதான் என் வழக்கு. அவர் எத்தனை வேட்டி வைத்திருந்தார் என்பது ஊர்க்காரன் தராசு. நம்முடையது வேறு. எந்தக் கோப்பு அவர் மேசைக்கு வந்தது, அதில் என்ன எழுதினார்? வராத கோப்பை ஏன் வரவில்லை என்று கேட்டாரா? சொந்தத் தாலுகாவில் இரட்டைக் குவளையும் மயானப் பாதையும் அவர் காலத்தில் என்ன ஆயின? பதவி போனபின் நம்மோடு வந்து நின்றாரா, அடுத்த சீட்டுக்காகக் காத்திருந்தாரா? இந்தக் கேள்விகளைக் கக்கனிடமும் கேட்கவேண்டும், கருப்பசாமியிடமும், ராஜலட்சுமியிடமும், இனி வருபவரிடமும். கேட்பது அவமரியாதை இல்லை. கேள்வி கேட்கும் அளவுக்கு ஒருவரைப் பொருட்படுத்துவதே மரியாதை.

பேச்சுக்கு வருகிறேன். நான் எழுதியிருந்த இரண்டு வரியை அடித்துவிட்டு, தம்பி மகளிடம் இதையெல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அப்ப அவரு சட்டசபையில என்னதான் பேசுனாரு பெரியப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன், அவரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன், அவர் பேசிய ஒரு வாக்கியம் எனக்குத் தெரியாது. பத்து வருசம் மந்திரியாகப் பதில் சொன்னவரின் பேச்சு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகிக் கிடக்கிறது. எந்த மேடையிலும் அதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தலித் இதழ்களில் எழுதுகிற நாமும் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை. ஊர்க்காரன் அவரை ஊமையாக்கினான் என்றால், நாம் காது கொடுக்கவில்லை. கக்கன், பரமேஸ்வரன், சத்தியவாணி முத்து மூவரின் சபைப் பேச்சுகளையும் தேடித் தொகுக்கும் வேலையை நம்மில் யாராவது தொடங்கவேண்டும். நான் சென்னைக்குத் திரும்பியதும் நூலகத்துக்குப் போவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவள் பேச்சைத் தானே எழுதிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் இல்லை, ஆஸ்பத்திரித் தரை இல்லை. மீனாட்சி கோவில் வாசலில் தொடங்கி வைகை அணையில் முடித்தாள். நடுவில், தலைப்பைப் பற்றியே ஒரு கேள்வி வைத்தாள். பரிசு கிடைக்கவில்லை. தலைப்பை விட்டு விலகிப் பேசினாளாம்.

1982இல் வாங்கிய தட்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் நெளிவு விழுந்திருக்கிறது, பொறித்த எழுத்து தேய்ந்துவிட்டது. அன்று ராத்திரி அதில்தான் அவளுக்குச் சோறு போட்டார்கள்.